செருப்போடு உள்ளே வரவும்

வாளியில் கனமான ஏதோ ஒன்று விழுந்த சத்தம்.

முப்பத்துமூன்று வருஷங்களுக்கு முன் டாக்டர் ஆவுடையப்பன் அதைக் கேட்டார். அவர் வெட்டி எடுத்த முதல் கால் அது. சர்க்கரை நோயில் அழுகிய கால். நர்ஸ் அதைத் துணியில் சுற்றி எனாமல் வாளியில் போட்டாள்.

தொப்.

அதற்குப் பிறகு எத்தனையோ கால்கள். வாளி மாறியது. நர்ஸ்கள் மாறினார்கள். சத்தம் மட்டும் காதில் விழுவது நின்றுபோயிற்று.

ஓய்வு பெற்ற மாதம் அது திரும்பி வந்தது. வீட்டில் யாராவது ஈரத்துணியைக் கல்லில் போட்டால் போதும். கையில் இருக்கும் காப்பியைக் கீழே வைத்துவிடுவார்.

அவர் பழைய குறிப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எந்தக் கால் எந்த ஊரிலிருந்து வந்தது என்று பார்த்தார். சுற்றுவட்டாரத்தில் எல்லா ஊரும் இருந்தது. பிந்திய பக்கங்களில் மட்டும் ஒரே ஓர் ஊரைக் காணவில்லை.

கூவைக்குளம்.

ஒன்பது வருஷமாக அங்கிருந்து ஒரு கால்கூட வரவில்லை. அது அவருடைய அம்மா பிறந்த ஊர். அவர் அங்கே போயே முப்பது வருஷம் ஆகியிருந்தது.

பஸ் ஏறினார்.

*

சுகாதாரத் துணை நிலையம் இரண்டு அறை. வாசலில் ஒரு பூவரசு. சுவரில் ஒரு போர்டு.

செருப்போடு உள்ளே வரவும்.

எழுதியவன் தப்பாக எழுதிவிட்டான் என்று டாக்டர் நினைத்துக்கொண்டார். ஷூவைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனார்.

உள்ளே செவிலியர் அருள்கனி ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தெட்டு வயது இருக்கும். எதிரே நாற்காலியில் இருந்த ஆச்சியின் பாதத்தைத் தன் மடியில் தூக்கி வைத்து, விரலிடுக்கு ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சுகர்தான் இப்ப இல்லைன்னுட்டியே தாயி. பொறவு எதுக்கு மாத்திரை?” என்றாள் ஆச்சி.

“இல்லைன்னு நான் சொல்லலை. அடங்கியிருக்குன்னு சொன்னேன்.”

“அடங்கிக் கெடக்கதுக்கு எதுக்கு மாத்திரை?”

“மாத்திரை போடுறதாலதான் ஆச்சி அடங்கிக் கெடக்கு.”

“எத்தனை நாளைக்குப் போடணும்?”

“நீங்க எத்தனை நாளைக்குச் சோறு திங்கப்போறீங்க?”

“சாகுற வரைக்கும்.”

“அதுவரைக்கும்.”

“நல்ல வைத்தியம் பாத்த போ” என்று சொல்லிவிட்டு ஆச்சி மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்தாள். செருப்புக் காலோடு சரக் சரக்கென்று வெளியே போனாள்.

டாக்டர் தன் பெயரைச் சொன்னார். வேலை பார்த்த ஆஸ்பத்திரியைச் சொன்னார். பிறகு கேட்டார்.

“ஒன்பது வருஷமா உங்க ஊர்ல இருந்து எனக்கு ஒரு கால்கூட வரலை. ஏன் சிஸ்டர்?”

“வரலைன்னு வருத்தமா சார்?”

“இல்லை. எப்படின்னு தெரியணும்.”

அருள்கனி அவருடைய வெறுங்காலைப் பார்த்தாள்.

“வாசல்ல போர்டு இருக்கே, படிக்கலையா?”

“படிச்சேன். தப்பா எழுதியிருக்கு.”

“சரியாத்தான் எழுதியிருக்கு. போய் மாட்டிக்கிட்டு வாங்க.”

அவர் போனார். மாட்டிக்கொண்டு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார்.

“இப்பக் கழட்டுங்க.”

டாக்டர் அவளைப் பார்த்தார். கேலி செய்கிற முகம் இல்லை. கழற்றினார்.

அவள் வலது ஷூவுக்குள் கையை விட்டு, விரல் நுனிவரை தடவினாள். எதையோ எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

கருங்கல் சில்லு. புளியங்கொட்டை அளவு.

“இது எப்ப உள்ள போச்சு சார்?”

அவருக்குத் தெரியவில்லை.

“உங்களுக்குச் சுகர் எத்தனை வருஷமா?”

“பன்னிரண்டு. கட்டுப்பாட்டுலதான் இருக்கு.”

“காலைப் பாக்கிறதுண்டா?”

“தினமும் குளிக்கிறப்போ பார்க்கிறேனே.”

“மேல் பக்கத்தையா, கீழ்ப் பக்கத்தையா?”

அவர் குனிந்து பாதத்தைத் திருப்பப் பார்த்தார்.

அவள் மேஜையிலிருந்து ஒரு தீக்குச்சியை எடுத்தாள். அதன் முனையில் ஒரு துண்டு நைலான் தூண்டில் நரம்பு ஒட்டியிருந்தது.

“கண்ணை மூடிக்கிட்டு உக்காருங்க. நரம்பு காலைத் தொடும்போதெல்லாம் ‘ஆமா’ன்னு சொல்லுங்க. அவ்வளவுதான்.”

அவர் கண்ணை மூடினார். காத்திருந்தார். வெளியே ஓர் ஆட்டுக்குட்டி கத்தியது. எங்கோ சைக்கிள் மணி அடித்தது.

“ஆரம்பிக்கலாமே சிஸ்டர்.”

“முடிச்சிட்டேன் சார்.”

*

அவர் நாற்காலியில் இருந்தபடியே அந்தக் கல் சில்லை உள்ளங்கையில் உருட்டினார்.

பிறகு சொன்னார்: “எத்தனை கால் வெட்டியிருப்பேன். மயக்கம் கொடுக்காத ஒருத்தரோட காலை நான் தொட்டதே இல்லை, சிஸ்டர்.”

“ம்.”

“உங்ககிட்ட நான் கத்துக்கணும்.”

“உங்களுக்கு அறுபது தாண்டியாச்சே சார்.”

“அதனாலதான் அவசரம்.”

அருள்கனி அப்போதுதான் சிரித்தாள். சிரிப்பு முடிந்ததும் வாசலைக் காட்டினாள்.

“அந்தப் போர்டை எறக்கச் சொல்லி அப்பவே மேலிடத்துக்கு எழுதிப் போட்டாங்க. மேலத்தெரு நல்லபெருமாள் அய்யா. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.”

தெரியும். டாக்டருக்கு அவர் மாமா முறை.

“ஆஸ்பத்திரிக்குள்ள செருப்பு போட்டுக்கிட்டுப் போறது ஊருக்கு ஆகாதாம். பெரிய ஆபீசர் ஜீப்புல வந்தாரு. எறக்கும்மான்னாரு. சார், கால் மரத்துப்போனவங்க செருப்பைக் கழட்டிப்போட்டுட்டு நடக்கிற இந்தப் பத்தடியிலதான் கருவேல முள்ளு கெடக்கு, எறக்கமாட்டேன்னேன். அவருக்குக் கோபம். எவ்வளவு நாளைக்கு மாட்டிவைக்கப்போறேன்னாரு. இந்த ஊர்ல இருந்து ஒரே ஒரு கால் போகட்டும், அன்னைக்கு நானே எறக்கிடறேன்னு சொன்னேன்.”

“சரின்னாரா?”

“சிரிச்சாரு. அது நடந்து ஆறு வருஷம் ஆச்சு.”

அவள் குரல் தாழ்ந்தது.

“இப்ப ஒரு கால் போகப்போகுது சார்.”

*

அந்தக் கால் பிச்சைக்கண்ணுவுடையது. கீழத்தெருக்காரர். அறுபத்தெட்டு வயது. மறுநாள் காலை கட்டு மாற்ற வந்தார். கட்டின் மேல் மெத்தைச் செருப்பு போட்டிருந்தார். சர்க்கரை நோயாளிகளுக்கென்றே செய்த செருப்பு. அருள்கனி டவுன் வரை போய் அளவு கொடுத்து வாங்கி வந்தது.

“உக்காருங்கய்யா” என்றாள் அருள்கனி.

“என்னையப் போயி அய்யாங்கியளே நர்சம்மா.” அவர் காலைப் பின்னுக்கு இழுத்தார். “காலைத் தொடாதிய தாயி. பாவம் வந்து சேரும்.”

“வந்தா வரட்டும். காலைக் குடுங்க.”

வலது பாதத்தின் அடியில், பெருவிரலுக்குக் கீழே புண். நெல்லிக்காய் அளவு. விளிம்பு வெளுத்துத் தடித்திருந்தது.

டாக்டரின் பார்வை தன்னையறியாமல் மேலே போயிற்று. கணுக்கால். ஆடுசதை. முழங்காலுக்குக் கீழே ஒரு சாண்.

“எங்க வெட்டலாம்னு பாக்கிறீங்களா?” என்றாள் அருள்கனி, தலை நிமிராமல்.

“பழக்கம்.”

பிச்சைக்கண்ணு போன பிறகு அவள் சொன்னாள்: “மாத்திரை ஒருவேளைகூட விடமாட்டாரு. சுகர் அளவோட இருக்கு. பிரஷர் இருக்கு. அதுவும் அடங்கித்தான் இருக்கு. பீடியை விட்டாச்சு. கட்டு தினமும் மாத்துறேன். செருப்பும் போட்டிருக்காரு. ஆனா புண்ணு ஆழமாத்தான் போகுது. மிதிச்சுக்கிட்டே இருக்கிற புண்ணு மாதிரி. எலும்பைத் தொட்டுட்டா அப்புறம் உங்க வாளிதான்.”

“வாளியைப் பத்தி நான் உங்ககிட்ட சொல்லவே இல்லையே.”

“கால் வெட்டுற எடத்துல வாளி இல்லாமயா இருக்கும்?”

அவர் வெளியே பார்த்தார்.

“நான் என்ன செய்யணும் சிஸ்டர்?”

“வாசல்ல ஒரு ஸ்டூல் போட்டு உக்காருங்க. வர்றவங்க முகத்தைப் பாக்காதீங்க. காலுக்கு என்ன போட்டிருக்காங்கன்னு மட்டும் பாருங்க.”

“எத்தனை நாள்?”

“தெரியிற வரைக்கும்.”

*

டாக்டர் நல்லபெருமாள் மாமா வீட்டில் தங்கினார்; அங்கே பாயசமும் படுக்கையும் கிடைத்தன. காலையில் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

முகங்கள் இல்லாத ஓர் ஊர் அவர் முன்னால் நடந்து போயிற்று.

இடது குதிகால் மட்டும் தேய்ந்த செருப்பு. அந்த ஆளுக்கு இடுப்பில் வலி. பிளாஸ்டிக் கயிறு வைத்துத் தைத்த வார். பேத்தியின் செருப்பில் குதிகால் வெளியே தொங்க ஒருத்தி வந்தாள்.

வார் அறுந்த செருப்பில் ஊக்குக் குத்தியிருந்த ஒரு கால் வந்தது.

“நில்லுங்க. அந்த ஊக்கைக் கழட்டுங்க” என்றார்.

“கழட்டினா செருப்பு நிக்காது” என்றது மேலே ஒரு குரல்.

“கழட்டலைன்னா கால் நிக்காது.”

“சிஸ்டர் சொல்லிக்குடுத்துதா?” என்றது குரல். பிறகு குனிந்து ஊக்கைக் கழற்றியது.

முதல் நாள் பிச்சைக்கண்ணு அவருக்கு முன்பே வந்துவிட்டிருந்தார். இரண்டாவது நாள் ஞாயிறு, விடுமுறை. மூன்றாவது நாள் டாக்டர் விடிந்ததும் வந்து உட்கார்ந்தார்.

மண்ணில் இரண்டு வெறுங்கால்கள் வந்தன. வலது காலில் கட்டு. கட்டின் அடிப்பக்கம் செம்மண் கறை.

கால்கள் நிலைப்படிக்கு முன்னால் நின்றன.

மேலேயிருந்து இரண்டு செருப்புகள் விழுந்தன.

தொப். தொப்.

அதே வாளிச் சத்தம்.

கால்கள் செருப்புக்குள் நுழைந்தன. போர்டில் எழுதியிருந்தபடி, செருப்போடு உள்ளே போயின.

*

“வாசலுக்கு வெளியில அவர் செருப்பே போடறதில்லை” என்றார் டாக்டர். “கையில எடுத்துக்கிட்டு வர்றார். உள்ள வர்றதுக்கு மட்டும் போடறார்.”

அருள்கனி கையில் பஞ்சோடு அப்படியே நின்றாள்.

“நான் உள்ளேயே இருந்துட்டேன்” என்றாள்.

பிச்சைக்கண்ணு தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். செருப்பின் அடிப்பாகம் நேற்று வாங்கியதுபோல இருந்தது. ஆறு மாதமாக வைத்திருக்கிற செருப்பு. மேல்வார்தான் கறுத்திருந்தது, கைவியர்வையில்.

“ஏன்யா?” என்றாள் அருள்கனி.

“போர்டுல அப்படித்தானே போட்டிருக்கு நர்சம்மா. செருப்போட உள்ள வரணும்னு. நான் மீறலியே.”

டாக்டர் குறுக்கே வந்தார். “இனிமே வீட்டிலேயே போட்டுக்கிட்டுக் கிளம்புங்க. தெருவிலதான் முக்கியமா போடணும். தெரியுதா?”

“சரிங்கய்யா.”

மறுநாளும் வெறுங்கால்கள்தான் வந்தன. மறுநாளும் தொப் தொப்.

“சரின்னீங்களே.”

“அய்யா சொன்னா சரின்னுதானே சொல்லணும்.”

*

அன்று டாக்டர் அவரோடு பூவரசு நிழலில் உட்கார்ந்தார். ஸ்டூலில் அல்ல, தரையில். பிச்சைக்கண்ணு எழுந்து நிற்கப் பார்த்தார். டாக்டர் அவர் தோளைப் பிடித்து உட்காரவைத்தார்.

“ஏன் போடமாட்டேங்கிறீங்க?”

“கீழத்தெருவுல இருந்து இங்க வரணும்னா மேலத்தெரு வழியாத்தான் வரணும்.”

“ஆமா.”

“அங்க போட்டுக்கிட்டு நடந்தா ஒரு மாதிரியா இருக்கு. முக்குல கழட்டி, பொறவு இந்தக் கடைசியில மாட்டலாம். குனிய முடியலை. அதான் வீட்டுல இருந்தே கையில.”

“இப்ப யாராவது ஏதாவது சொல்றாங்களா?”

“ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலை. எம் பேரன் பூட்ஸு போட்டுக்கிட்டு பைக்குல போறான்.”

“அப்புறம் என்ன?”

பிச்சைக்கண்ணு தன் பாதத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். வேறு யாருடைய பாதத்தையோ பார்ப்பதுபோல.

“பத்து வயசு இருக்கும். எங்கய்யா டயர் அறுத்துச் செருப்பு தைச்சுக் குடுத்தாரு. புதுச்செருப்பு. ஓட்டமா ஓடினேன். மேலத்தெருவுன்னு நெனப்பே இல்லை. பிடிச்சுட்டாவ. ரெண்டு செருப்பையும் தலையில வச்சு, சாயங்காலம் வரைக்கும் ஒரு வீட்டு வாசல்ல நிறுத்திட்டாவ.”

“யார் வீட்டு வாசல்?”

“நீங்க மேலத்தெரு செல்லம்மா ஆச்சி மகன்தானே?”

“ஆமா.”

“அது எதுக்குய்யா இப்ப.”

பூவரசம்பூ ஒன்று அவர்களுக்கு நடுவே விழுந்தது. காலையில் மஞ்சளாக இருந்தது, அதற்குள் சிவந்துவிட்டிருந்தது.

“எங்காலுக்கு ஒரு உணர்ச்சியும் இல்லைன்னு நர்சம்மா சொல்லுதாவ” என்றார் பிச்சைக்கண்ணு. “உள்ளதுதான். முள்ளு குத்தினா தெரியலை. கொதிக்கிற தார் ரோட்டுல நின்னேன், தெரியலை. மேலத்தெரு முக்கு வந்தா மட்டும் கூசுதுய்யா.”

*

டாக்டர் உள்ளே போனார்.

“இதுக்கு என்ன மருந்து சிஸ்டர்?”

அருள்கனி தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“போர்டை நான் தப்பான இடத்துல மாட்டியிருக்கேன் சார்.”

“எங்க மாட்டணும்?”

அவள் தட்டைத் துடைத்தாள். கத்தரிக்கோலைத் துடைத்தாள். கிடுக்கியைத் துடைத்தாள்.

“எங்க மாட்டணும் சிஸ்டர்?”

“புண்ணு நேத்தைவிட ஆழமா இருக்கு” என்றாள். “இன்னும் ஒரு வாரம். அதுக்கு மேல தாங்காது.”

*

மறுநாள் காலை டாக்டர் கீழத்தெருவுக்குப் போனார். பிச்சைக்கண்ணு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பும் நேரம்.

“நானும் வர்றேன்.”

“வாங்கய்யா.”

டாக்டர் குனிந்து தன் செருப்பைக் கழற்றினார். ஷூ போடுவதை அவர் விட்டுவிட்டிருந்தார். அருள்கனி சொல்லி வாங்கிய மெத்தைச் செருப்பு. அதைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“என்னய்யா செய்யுதிய?”

“ஒண்ணுமில்லை. நடங்க.”

“போடுங்கய்யா. உங்களுக்கும் சுகரு. நர்சம்மா வைவாவ.”

“நடங்க.”

இரண்டு பேரும் நடந்தார்கள். நாலு வெறுங்கால்கள், நாலு செருப்புகள் கையில். வேலிக் கருவேலங்காட்டைத் தாண்டினார்கள். பள்ளிக்கூடத்தைத் தாண்டினார்கள். மேலத்தெரு முக்கு வந்தது.

பிச்சைக்கண்ணு வழக்கம்போல ஓரமாக ஒதுங்கினார். டாக்டரும் ஓரமாக ஒதுங்கினார்.

தெருவின் பாதி தூரத்தில், தன் வீட்டு கேட்டுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு நல்லபெருமாள் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார்.

“என்ன மாப்ளே, செருப்பைக் கையில பிடிச்சிருக்க? அறுந்துபோச்சா?”

டாக்டர் செருப்பை மறு கைக்கு மாற்றினார்.

“உள்ள வேற ஜோடி கெடக்கு, எடுத்துப் போட்டுக்க. இந்த வெயில்ல வெறுங்காலோடயா நடக்கிறது? உனக்கு சுகர் வேற.”

பிச்சைக்கண்ணு நின்றுவிட்டார்.

அவர் நல்லபெருமாளைப் பார்த்தார். பிறகு டாக்டரின் கையிலிருந்த செருப்பைப் பார்த்தார். பிறகு தன் கையிலிருந்ததை.

“அய்யா” என்றார்.

“என்ன பிச்சைக்கண்ணு?” என்றார் நல்லபெருமாள்.

“அம்பது வருஷத்துக்கு மேல நானும் செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு இந்த வாசலைத் தாண்டிப் போறேன். ஒருநாள்கூட அறுந்துபோச்சான்னு நீங்க கேட்டதில்லையே.”

நல்லபெருமாள் பேப்பரை மடித்தார். மறுபடி விரித்தார்.

பிச்சைக்கண்ணு ஓரத்திலிருந்து தெருவின் நடுவுக்கு வந்தார். கையை விரித்தார்.

தொப். தொப்.

செருப்பு இரண்டும் தார் ரோட்டில் கிடந்தன. அவர் குனிய முடியாதவர். நின்றபடியே கால்விரலால் ஒன்றைத் திருப்பினார். நுழைத்தார். மற்றதையும் திருப்பினார். நேரம் பிடித்தது. தெருவில் இரண்டு கதவுகள் திறந்தன. அவர் அவசரப்படவில்லை.

மாட்டி முடித்ததும் நிமிர்ந்தார். நெற்றி வியர்த்திருந்தது.

“போடுங்கய்யா” என்றார் டாக்டரிடம்.

“இருக்கட்டும், அந்தக் கடைசியில போட்டுக்கிறேன்.”

“இங்கயே போடுங்க. ரத்தம் வருது.”

டாக்டர் திரும்பிப் பார்த்தார். தெரு முக்கிலிருந்து அவர் வந்த வழியெல்லாம் சின்னச் சின்னச் சிவப்புப் பொட்டுகள்.

நல்லபெருமாள் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

“வெயிலு ஜாஸ்திதான்” என்றார் யாரிடமோ. கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே போனார்.

*

அருள்கனி உள்ளே பஞ்சு கிழித்துக்கொண்டிருந்தாள். வாசலில் வழக்கமாக விழும் இரண்டு தொப் சத்தங்களுக்காகக் காதைக் கொடுத்திருந்தாள்.

அது வரவில்லை.

தூரத்தில் சட் சட்டென்று ஒரு நடை கேட்டது. அதன் பின்னாலேயே இன்னொரு நடை, கொஞ்சம் நொண்டலாக. இரண்டும் கிட்டே வந்தன. வாசலில் நிற்கவில்லை. அப்படியே உள்ளே வந்தன.

அவள் நிமிரவில்லை. பஞ்சை ஒருமுறை கண்ணில் ஒற்றிக்கொண்டு குப்பையில் போட்டாள். புதுப் பஞ்சு எடுத்தாள்.

“முதல்ல டாக்டரய்யாவைப் பாருங்க நர்சம்மா” என்றார் பிச்சைக்கண்ணு. “சொன்னா கேக்க மாட்டேங்காவ.”

டாக்டரின் குதிகாலில் கருவேல முள் முழுசாக இறங்கியிருந்தது. அருள்கனி அந்தக் காலை மடியில் தூக்கி வைத்தாள். கிடுக்கியால் பிடித்து இழுத்தாள். முள் ஒரு விரற்கடை நீளம்.

“இதைத்தான் என்கிட்ட கத்துக்கிட்டீங்களா?”

குரலில் நிஜமாகவே கோபம் இருந்தது.

“வெறுங்காலோட நடக்கக்கூடாதுன்னு உங்களுக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? இவரு காலைக் காப்பாத்த உங்க காலைக் குடுப்பீங்களா? அதுவும் இந்த ஊர்க் கணக்குலதானே சேரும்?”

“தப்புதான் சிஸ்டர்.”

அவள் முள்ளைத் தட்டில் போட்டாள். அது சத்தமே போடவில்லை.

“வலிச்சுதா?”

“இல்லை.”

“குத்தினப்போ தெரிஞ்சுதா?”

“தெரியலை.”

“தெரு முழுக்க நடந்திருக்கீங்க. காலுக்கு ஒண்ணுமே தெரியலையா?”

டாக்டர் பிச்சைக்கண்ணுவைப் பார்த்தார்.

“கூசிச்சு” என்றார்.

*

அந்தக் குதிகால் ஆற ஏழு வாரம் ஆயிற்று. பிச்சைக்கண்ணுவின் புண் மூட நாலு மாதம்.

பிச்சைக்கண்ணு எழுபத்தொன்பதாவது வயதில், ஒரு மாசி மாதம், மாரடைப்பில் இறந்தார். மேலத்தெரு வழியாகத்தான் எடுத்துப்போனார்கள். இரண்டு காலும் இருந்தன.